வட்டை இலையில் ஒரு தாளாளர்

குழித்துறைப் பக்கம் என்னை இன்றைக்கும் ‘காளான் டீச்சர்’ என்றுதான் சொல்வார்கள். நான் காளானை ஆராய்ந்ததே இல்லை. என் வேலையெல்லாம் இலைமேல் வளரும் கரும்பூஞ்சைகளில். பச்சை இலையில் யாரோ பேனா மையைச் சொட்டவிட்டதுபோல் கறுப்பாகக் கிடக்கும். தொட்டால் கொஞ்சம் சொரசொரப்பு, அவ்வளவுதான். நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தால்தான் அதற்கு உடம்பு, கிளை, முள், வித்து எல்லாம் இருப்பது தெரியும். இதை எத்தனையோ பேரிடம் விளக்கியிருக்கிறேன். நான் விளக்கி முடித்ததும் எதிரே இருப்பவர் தலையை ஆட்டிவிட்டு, “அப்போ டீச்சரே, மழைக்கு மொளைக்க கூணுல எதைத் திங்கலாம், எதைத் திங்கப்படாது?” என்று கேட்பார். எங்கள் ஊரில் காளானுக்குக் கூண் என்று பெயர். எல்லாவற்றையும் தின்று பாருங்கள் என்று சொல்ல வாய் வரும். படித்தவள் என்ற பெயர் இருப்பதால் சொல்லவில்லை.

குலசேகரத்துக்குச் சற்றுத் தள்ளி ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தேன். அந்தத் துறைக்கு வந்த முதல் பெண் நான். ‘முதல் பெண்’ என்று இப்போது மேடைகளில் சொல்லும்போது ஏதோ பட்டத்து யானைமேல் ஏற்றிக் கூட்டிப்போனதுபோல் இருக்கிறது. உண்மையில் எனக்குக் கொடுத்தது கதவுக்குப் பின்னால் ஒரு முக்காலி. துறைத் தலைவர் ஒருவர் இருந்தார். அவர் எதில் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கினார் என்பது அவருக்கே மறந்துவிட்டிருந்தது. ஆய்வுக்கூடத்துக்குள் அவர் வருவது வெயிலுக்கு ஒதுங்கத்தான்.

இலையிலிருந்து பூஞ்சையைப் பெயர்த்தெடுக்க எளிய வழி ஒன்று உண்டு. நிறமில்லாத நகப்பூச்சை அதன்மேல் தடவி, காயவிட்டு, மெல்லிய தோலாக உரித்தால் பூஞ்சை முழுசாக அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அப்படியே கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்க்கலாம். மார்த்தாண்டத்தில் ஒரே ஒரு கடையில்தான் நிறமில்லாத நகப்பூச்சு கிடைத்தது. சிவப்பு வேண்டாம், ரோஸ் வேண்டாம், நிறமே இல்லாதது வேண்டும் என்று ஒரு பெண் மாதாமாதம் வந்து கேட்டதில் கடைக்காரருக்கு என் மூளையைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. துறைத் தலைவருக்கோ வேறு சந்தேகம். “டீச்சர் மேக்கப்பு சாதனமெல்லாம் லேபுல வச்சு நடத்துகாங்க” என்று பேராசிரியர்கள் அறையில் சொல்லிச் சிரித்தாராம். அந்தக் குப்பியைத் திறந்து என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்க்க அவருக்கு ஆறு வருடத்தில் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை.

அந்த ஆறு வருடமும் நான் தற்காலிக ஆசிரியை. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஆணையைப் புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்காமல் விடுவார்கள். அப்பா இல்லை. அம்மாவும் நானும் குழித்துறையில் வாடகை வீட்டில் இருந்தோம். வேலை போனால் வீட்டைச் சமாளிப்பதற்கு டியூஷன் எடுத்தாவது வழி பண்ணியிருப்பேன். நுண்ணோக்கிக்கு எங்கே போவது? மாவட்டத்தின் மேற்கில் ஓரளவு நல்ல நுண்ணோக்கி என்று சொல்லத்தக்கது எனக்குத் தெரிந்து அந்தக் கல்லூரியில் மட்டுமே இருந்தது. ஆள் நிரந்தரமானால்தான் அதுவும் நிரந்தரம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான். கல்யாணம் வேண்டுமா என்று கேட்டவர்களிடம்கூட இதைத்தான் சொன்னேன். அவர்கள் அம்மாவிடம் இரக்கப்பட்டுவிட்டுப் போனார்கள்.

கல்லூரிக்குப் பின்னால் ரப்பர்த் தோட்டத்தின் ஓரத்தில் வட்டை மரங்கள் உண்டு. சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்ட இலை. யாரும் நடாமல் தானாக முளைத்து, யாரும் மதிக்காமல் நிற்கும் மரம். ஓர் ஆனி மழையில் அதன் இலையில் ஒரு கரும்பூஞ்சையைப் பார்த்தேன். அந்த வகை மரங்களில் வரும் பூஞ்சை ஒன்றுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. அதன் முட்கள் நேராக, மழுங்கிய நுனியோடு இருக்கும். இதிலோ ஒவ்வொரு முள்ளின் நுனியும் பாம்பின் நாக்குப்போல் இரண்டாகப் பிரிந்திருந்தது. ஓர் இலையில் பார்த்து நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் காத்திருந்து, இளசு, முற்றல், நிழலில் நின்றது, வெயிலில் நின்றது என்று இலை இலையாக உரித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பிளந்த நுனிதான். ஒன்றரை வருடம் கழித்து, இது உலகம் இதுவரை பெயர் வைக்காத பூஞ்சை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். வெளியே சொல்லிக்கொள்ள ஆள் இல்லை.

அப்போதெல்லாம் புதிய பூஞ்சைக்குப் பெயர் வைப்பதானால் அதன் அடையாளங்களை லத்தீனில் எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் பெயர் செல்லாது. எங்கள் மாவட்டத்தில் லத்தீன் தெரிந்தவர்கள் என்றால் பாதிரியார்கள்தான். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைப் பங்கில் இருந்த வயதான சாமியாரிடம் மூன்று சனிக்கிழமை போய் வந்தேன். நான் எழுதிப்போன லத்தீனைப் பார்த்து அவர் முதலில் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வரி வரியாகத் திருத்தினார். “இம்புட்டுச் சின்ன சாதனத்துக்கு எதுக்கு பிள்ளே இவ்வளவு பெரிய பாஷை?” என்று கேட்டார். பிறகு அவராகவே, முள் என்றால் எப்படிப்பட்ட முள், பிளவு எவ்வளவு ஆழம் என்று விசாரித்துச் சரியான சொல்லைத் தேடிக் கொடுத்தார். இந்த விவகாரம் முழுவதிலும் பூஞ்சையைப் பற்றிக் கேள்வி கேட்ட ஒரே மனிதர் அவர்தான்.

பெயர் மட்டும் பாக்கி இருந்தது. அங்கேதான் துறைத் தலைவருக்கு மூளை வேலை செய்தது. நம் ஊர்க் கோயிலில் ஒரு டியூப்லைட் மாட்டினாலும், வெளிச்சம் வராத அளவுக்கு அதன்மேல் ‘உபயம்’ என்று பெயர் எழுதுகிறவர்கள் நாம். “தாளாளர் பேரை வச்சிருங்க டீச்சர். ஜூன்ல ஒங்க பைலு கமிட்டிக்குப் போகும்லா” என்றார். தாளாளர் பெரிய ரப்பர்த் தோட்டக்காரர். ஒட்டுக்கன்று வளர்த்து விற்கும் பண்ணையும் வைத்திருந்தார். வட்டை மரத்தைப் பார்த்தால் களை என்று வெட்டச் சொல்வார். அவர் பெயரை அந்த இலைப் பூஞ்சைக்கு வைப்பதைவிட மடத்தனம் கிடையாது என்று எனக்குத் தெரியும். வைத்தேன். ஆறு வருடம் முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு நாற்காலி ஆசை வந்துவிட்டது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதி எழுதித்தான் இவ்வளவும் வந்தது.

கட்டுரை அச்சில் வந்தது. தாளாளருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கல்லூரி வாசலில் தோரணம், மேளம், எனக்கு ஒரு சால்வை, அவருக்கு ஆளுயர மாலை. நான் வரைந்த பூஞ்சைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அவர் அறையில் மாட்டினார்கள். அது தலைகீழாக இருந்தது. சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட்டேன். விழாவில் பேசிய எட்டுப் பேரும் பூஞ்சையைக் காளான் என்றே சொன்னார்கள். ஒருவர், தாளாளர் பெயரில் வந்த காளான் ஏழை எளியவர்களின் பசியைப் போக்கும் என்று கண் கலங்கினார்.

அதற்கு அடுத்த வாரம் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் செய்தி வந்தது. எழுதியவருக்குப் பூஞ்சை என்றால் நோய், குலசேகரம் என்றால் ரப்பர். இரண்டையும் சேர்த்து, ரப்பர் இலையைத் தாக்கும் புதிய பூஞ்சைக்கு இன்னார் பெயர் சூட்டப்பட்டது என்று போட்டுவிட்டார். பத்து நாளில் தாளாளர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். துறைத் தலைவர் ஏற்கெனவே அங்கே கையைக் கட்டி நின்றுகொண்டிருந்தார்.

“டீச்சரே, குலசேகரம் சந்தையில இப்போ எனக்க பேரு என்னதுன்னு தெரியுமா? சீக்குக்காரன்” என்றார் தாளாளர்.

“அது ரப்பர்ல வராது சார். வட்டையில மட்டும்தான் வரும். வட்டைக்கும் அதனால பெரிய கேடு ஒண்ணும் கிடையாது.”

“அது ஒங்களுக்குத் தெரியும். தை வாங்க வாறவனுக்குத் தெரியுமா? நேத்து ஒருத்தன் வந்து எனக்க தையில ஒவ்வொரு இலையா திருப்பித் திருப்பிப் பாக்கான். எங்கயோ ஒரு பொட்டு கறுப்பு இருந்திருக்கு. ‘மொதலாளி, இது ஒங்களுக்க பூஞ்சையாக்கும் இல்லியா’ன்னு கேக்கான். ஒரு தைகூட எடுக்காம போயிட்டான்.”

தை என்று அவர் சொன்னது அந்த ஒட்டுக்கன்றுகளைத்தான். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு மனிதர் தம் பெயரைத் தாமே மாலை போட்டு நோயாக்கிக்கொண்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“பேரை மாத்திருங்க” என்றார்.

“முடியாது சார். முறையா ஒரு தடவை அச்சுல வந்த பேரை, வச்சவங்களே நெனச்சாலும் மாத்த முடியாது. பிடிக்கலைன்னு மாத்தக் கூடாதுன்னு விதியே இருக்கு.”

“எனக்க மச்சினன் கெசட்டுல போட்டு ரெண்டு மாசத்துல பேரை மாத்தினான். பூஞ்சைக்கு மட்டும் என்ன, கொம்பா மொளச்சிருக்கு?”

நான் விளையாட்டு என்று நினைத்தேன். துறைத் தலைவர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அரசிதழில் பெயர் மாற்றுவதற்கான விண்ணப்பம். அவர் கையாலேயே நிரப்பியிருந்தார். ‘பழைய பெயர்’ என்ற இடத்தில் என் பூஞ்சையின் பெயர், எழுத்துப் பிழையோடு. ‘பிறந்த ஊர்’ என்ற இடத்தில் குலசேகரம். ‘தந்தை அல்லது பாதுகாவலர்’ என்ற இடத்தில் என் பெயர். கீழே நான் கையெழுத்துப் போட ஒரு பெருக்கல் குறியும் வைத்திருந்தார். முனைவர் பட்டம் வாங்கிய மனிதர். அந்தத் தாளை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. நினைத்தால் சிரிப்பு வரும்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு வந்திருக்க வேண்டும். எனக்கோ அடங்காத வாய். முட்டாள்களுக்கு முன்னால் நாலு விஷயம் தெரிந்தவளாக நிற்கும் சுகத்தை விட மனமில்லை. “கெசட்டெல்லாம் செல்லாது சார். ஒரு பேரு ஒழியணும்னா ஒரே வழிதான் உண்டு. இந்தப் பூஞ்சை புதுசு இல்ல, ஏற்கெனவே பேரு வச்ச இன்னொண்ணுதான்னு ஆராய்ச்சி பண்ணி எழுதணும். அப்போ பழைய பேரு நிக்கும், புதுப் பேரு விழுந்துரும்” என்று பாடம் நடத்தினேன்.

ஆறு வருடத்தில் நான் சொன்ன எதையும் காதில் வாங்காத துறைத் தலைவர் இதை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டார். “அப்போ ரெண்டும் ஒண்ணுன்னு எழுதிருங்க” என்றார்.

“ரெண்டும் வேற வேற சார். முள்ளு நுனி பிளந்திருக்கு.”

“அதை யாரு பாத்தா?”

“நான் பாத்தேன்.”

“அப்போ பாக்கல்லேன்னு எழுதுங்க.”

தாளாளர் என் முகத்தைப் பார்க்காமல், “ஜூனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. காலண்டரைப் பார்த்துச் சொன்னார்.

மூன்று வாரம் வீராப்பாக இருந்தேன். வேறு கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டேன். ஒன்றிலிருந்து பதில் வந்தது. பெண்கள் விடுதிக்குப் பொறுப்பாக இருக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடம் உண்டா என்று கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அம்மா சாளை மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில், வீட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். அரைப் பக்கம். முள் முற்றும்போது நுனி பிளப்பது உண்டு, இது வயதால் வரும் மாறுபாடு மட்டுமே, ஆகவே இந்தப் பூஞ்சை முன்பே அறியப்பட்டதுதான் என்று எழுதினேன். இளசு, முற்றல் இரண்டிலும் பிளந்திருந்ததை நான் எத்தனை முறை பார்த்திருந்தேன் என்பது எனக்கும் கண்ணாடித் தகடுகளுக்கும்தான் தெரியும். புதுசு என்று நிலைநாட்ட ஒன்றரை வருடம் பிடித்தது. இல்லை என்று ஆக்க, அம்மா மீனை அலசி அடுப்பில் ஏற்றுவதற்குள் முடிந்துவிட்டது.

அதை ஒரு சின்ன ஆய்விதழ் அப்படியே வெளியிட்டது. ஒருவராவது சண்டைக்கு வருவார், படத்தை மறுபடி காட்டு என்பார், வந்தால் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஜூனில் நிரந்தர ஆணை வந்தது. தாளாளரின் தைகள் பழையபடி விற்றன. பூஞ்சைப் படம் இருந்த ஆணியில் ஒரு கடிகாரம் மாட்டினார்கள்.

நான் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நுண்ணோக்கி கிடைத்ததா என்றால் கிடைத்தது, அதைவிட நல்லதும் பிறகு வந்தது. இன்னும் சில பூஞ்சைகளுக்குப் பெயர் வைத்தேன். ஒன்றுக்கும் மனிதர் பெயர் வைக்கவில்லை. பாடப் புத்தகத்தைப் பார்த்து வரைந்துவிட்டு, தகட்டைப் பார்த்து வரைந்ததாகச் சொல்லும் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்தி அழ அழத் திட்டியிருக்கிறேன். கண்டதை எழுது, காணாததை எழுதாதே என்று கரும்பலகையில் எழுதிவைத்தவள் நான். எந்த முகத்தோடு எழுதினேனோ. ஓய்வு பெற்ற அன்றும் சால்வை போட்டார்கள், அன்றும் காளான் என்றார்கள். துறைத் தலைவரும் தாளாளரும் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி மனசில் சேர்த்துவைத்திருந்த வசவுகளை நேரில் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு பெண் போனில் பேசினாள். கோயம்புத்தூர்ப் பக்கத்தவள், பூஞ்சைகளில் ஆராய்ச்சி செய்கிறாளாம். குலசேகரத்தில் வட்டை இலையிலிருந்து அதே பூஞ்சையை எடுத்திருக்கிறாள். முதல் கட்டுரையின்போது நான் உலர்த்திக் காப்பகத்துக்குக் கொடுத்திருந்த பழைய இலையையும் வாங்கிப் பார்த்திருக்கிறாள். மரபணுவையும் சோதித்தாகிவிட்டது. இரண்டும் வேறு வேறு, என் முதல் கட்டுரைதான் சரி, அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்றாள். யார் பெயர் அது என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது, அக்கறையும் இல்லை.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். முதல் கட்டுரையில நுனியை அவ்வளவு அழகா வரைஞ்சிருக்கீங்க. ரெண்டாவதுல ஏன் அப்படி எழுதினீங்க? அந்தக் கால மைக்ரோஸ்கோப்புல சரியாத் தெரிஞ்சிருக்காது இல்லையா?”

அவளாகவே எனக்கு வழிவிட்டுக் கொடுத்தாள். ஆமாம் என்றால் முடிந்தது. ஆனால் பொய் சொன்னவள் என்று எழுதினாலும் எழுதட்டும், கண் தெரியாதவள் என்று எழுதுவதை என்னால் தாங்க முடியாது என்று அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது.

“தெரிஞ்சுது” என்றேன். “நல்லாவே தெரிஞ்சுது. வேலைக்காக மாத்தி எழுதினேன்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அரசிதழ் விண்ணப்பத்தைச் சொன்னபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கட்டுரையில இதை இப்படியே போட்டுரும்மா. பாத்தும் மறைச்சுட்டாங்க, அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு போடு” என்றேன். “நான் பாத்துக்கறேன் மேடம்” என்றாள்.

கட்டுரையை அவளே அனுப்பிவைத்தாள். நல்ல கட்டுரை, படங்கள் பிரமாதம். நடுவில் என்னைப் பற்றி ஒரு வரி இருந்தது. பிளந்த நுனியை ஆசிரியர் கவனிக்கத் தவறியிருக்கிறார், அக்காலக் கருவிகளின் குறைபாடு இதற்குக் காரணமாகலாம் என்று. கடைசியில் முன்னோடிப் பெண் விஞ்ஞானி என்று எனக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

உடனே கூப்பிட்டேன். “நான் ஒன்கிட்ட என்ன சொன்னேன்?”

“சொன்னீங்க மேடம். ஆனா உங்களைப் போய் நான் எப்படி அப்படி எழுதுவேன்? உங்க மேல உள்ள மரியாதையில மேடம்.”

வாய் நிறைய வசவு வந்தது. தெரிந்த விஷயத்தைத் தெரியாது என்று எழுதுகிற நீயெல்லாம் என்ன ஆராய்ச்சிக்காரி என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்தது. கேட்பதற்கு நான் யார்? “சரிம்மா, நல்லா இரு” என்று சொல்லிவிட்டு வைத்தேன்.